வகுப்பறையில் கவனம்: திண்ணைப் பள்ளி முதல் தோட்டப் பள்ளி வரை

பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் இளம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு வந்து சில வாரங்கள் பாடம் நடத்திப் பழகுகிறார்கள். கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் அவர்களைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள். வண்ண அட்டைகளும் படங்களும் கணினிக் காட்சிகளும் கொண்டு வருகிறார்கள். ஆயினும் முதல் வாரம் முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் என் அறைக்கு வந்து சொல்லும் சொல் ஒன்றே: "ஐயா, மாணவர்கள் கவனிக்கவே மாட்டேன் என்கிறார்கள்."

இந்தக் குறை புதியதன்று. நான் பணியேற்ற ஆண்டில் இதையே என் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவரும் தம் இளமையில் இதையே சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை. இன்று கைப்பேசியைக் குறை கூறுகிறோம். நேற்றுத் தொலைக்காட்சியைக் குறை கூறினோம். அதற்கு முன் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களைக் குறை கூறினர். குற்றவாளியின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. குற்றச்சாட்டு மட்டும் மாறவில்லை.

அப்படியானால் கோளாறு பிள்ளைகளிடத்தில்தானா இருக்கிறது? அன்றி நாம் பள்ளியை அமைத்த முறையிலேயே இருக்கிறதா? நம் முன்னோர் மாணவரின் கவனத்தை எவ்வாறு பெற்றனர், எங்கே இழந்தனர் என்று வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மணலில் எழுதிய நால்வர்

1623-ஆம் ஆண்டில் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்து இக்கேரிப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைக் கண்டார். அவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதினான். மற்ற மூவரும் அவ்வாறே சொல்லி எழுதினார்கள். இடம் நிறைந்ததும் அழித்துப் புதிய மணல் தூவிக்கொண்டார்கள். ஆசிரியர் எவரும் அங்கே இல்லை. "உங்களுக்கு ஐயம் வந்தால் திருத்துவார் யார்?" என்று பயணி கேட்டார். நால்வருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மறதி வராது, ஆகவே ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வோம் என்பது அவர்கள் தந்த விடை.

இக்காட்சியை ஆசிரியரானவர் ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்தில் நான்கு பிள்ளைகள் கவனத்தோடு படிக்கிறார்கள். அது எப்படி இயன்றது? அவர்களுடைய வாய்க்கு வேலை இருந்தது, விரலுக்கு வேலை இருந்தது, காதுக்கும் வேலை இருந்தது. ஒருவன் தவறினால் பிடிப்பதற்கு மூவர் காத்திருந்தார்கள். சும்மா இருந்தவர் எவருமில்லை.

இதுவே நம் திண்ணைப் பள்ளியின் உள்ளுறுதி. சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் பாடத்தில், தன் தன் வேகத்தில் முன்னேறுவான். ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான்; அவன் பக்கத்தில் இருப்பவன் எண்சுவடியில் இருப்பான். உபாத்தியாயர் எல்லாரையும் ஒருசேரத் தம்மையே பார்க்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொருவனாக அழைத்து முறை கேட்பார். மற்றவர்களின் கை தன் வேலையில் இருக்கும்.

1826-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவருக்காகச் செய்தி திரட்டிய மாவட்ட ஆட்சியர்களுள் பெல்லாரியின் ஆட்சியர் கேம்பெல் என்பவர் 1823-இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குக் கற்பிப்பதையும், அதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்வதையும் அவர் மனமாரப் பாராட்டினார். அவரே மற்றொன்றும் எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் பெருமைக்குரிய அடையாளமாகச் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் சுழி எழுதுவார்கள். அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருபவர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும்.

ஆகவே திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றுவது என் நோக்கமன்று. அங்கே பிரம்பு இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற கொடுமை இருந்தது. பொருள் அறியாத நெட்டுரு இருந்தது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு: பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அத்திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. பின்னாளில் கப்பலேறி மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு வந்தவருள் பலர் அவ்வாறு ஒதுக்கி வைக்கப்பட்டவரின் மக்களே. இதை மறந்து பழம்பெருமை பேசுதல் நேர்மையாகாது. ஆனால் குறைகளோடு சேர்த்து அதன் நல்ல கருவியையும் நாம் தூக்கி எறிந்துவிட்டோமா என்பதே என் கேள்வி.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

அந்தக் கருவியை வேறொருவர் எடுத்துச் சென்றார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரு பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபாரிகள்' என்றே அழைத்தனர். அத்தகைய மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யுமாறு ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றனர். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற 8 வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று கைவிட்டதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1797-இல் பெல் இச்சோதனையைப் பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் மூத்த மாணவரைக் கொண்டு இளையவரைப் பயிற்றும் பள்ளியை நடத்தினார். 1811-இல் தோன்றிய தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளில் மேற்கொண்டது. பெல் 1832-இல் மறைந்தபோது அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த கல்விக்கூடம் இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் கடல் கடந்தபோது அம்முறை தன் உயிரில் பாதியை இழந்தது. திண்ணையில் ஒரு சட்டாம்பிள்ளைக்குக் கீழே சில பிள்ளைகள் இருந்தார்கள். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, ஒரே ஆசிரியரை வைத்துச் செலவைக் குறைக்கும் வழியாக அதனை ஆக்கினார்கள். கட்டளை கேட்டு எழுவதும் அமர்வதும் பாடத்தினும் முதன்மை பெற்றன. 1846-இல் ஆசிரியரிடம் பயிற்சி பெறும் இளைஞரை அமர்த்தும் வேறொரு முறை அந்நாட்டில் வந்தது. பின்னர் வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடம், பாடத்துக்கு ஒரு தேர்வு என்ற ஒழுங்கு நிலைபெற்றது. அந்த ஒழுங்கே ஆங்கில ஆட்சியின் வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது. ஒரு வகுப்பில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பார்த்து ஒரே குரலைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதனோடு வந்ததே. 'கவனி' என்ற கட்டளையின் பிறப்பிடம் அதுதான்.

தோட்டத்துக்கு வந்த பள்ளி

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவார்கள். தோட்டங்களில் பள்ளி பெருகியதோ இருபதாம் நூற்றாண்டில்தான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் வந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு வழி செய்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதி வந்தது.

விதி வந்தது; ஆசிரியர் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணிக்கு உதவியாள் ஒருவரோ, தொழிலாளருள் சற்றுப் படித்தவரோ வாத்தியாராக அமர்ந்தார். கொட்டகை ஒன்று, கரும்பலகை ஒன்று, வாத்தியார் ஒருவர். அவருக்கு எதிரே முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தார்கள். 1930-களில் இந்தியப் பள்ளிகளைப் பார்வையிட அதிகாரிகள் வந்தனர். தமிழாசிரியருக்கான பயிற்சியும் போருக்கு முந்திய சில ஆண்டுகளில்தான் மெல்லத் தலைகாட்டியது.

இங்கேதான் நம் சிக்கலின் வேர் இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கு வந்த பாடத்திட்டம் வகுப்பு வாரியாகப் பிரித்தது. எல்லாரும் ஒருசேரக் கேட்க வேண்டியது. தோட்டப் பள்ளிக்குக் கிடைத்த கூடமோ திண்ணையைப் போன்றது. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்த இடம். திண்ணையில் பயன்பட்ட முறையை மட்டும் விட்டுவிட்டோம். வாத்தியார் முதல் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போது நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டிக் காத்திருந்தார்கள். நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது முதல் வகுப்புப் பிள்ளைகள் கூரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்த பிள்ளைகளையே கவனமற்ற பிள்ளைகள் என்று நாம் ஏட்டில் எழுதினோம்.

பால்மரமும் பள்ளிக்கூடமும்

பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அதன் கவனத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பால்மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே பொழுது விடியுமுன் லயத்தில் விளக்கெரியும். தாயும் தந்தையும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார்கள். மூத்த பிள்ளைதான் வீட்டைப் பூட்டி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, தம்பி தங்கையைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கு வரும். எட்டு மணிக்கு வாத்தியார் பாடம் தொடங்கும்போது அந்தப் பிள்ளைக்கு அது பகலின் நடுப்பகுதி.

எங்கள் வட்டாரத்தில் மற்றோர் பயிரும் வேரூன்றியது. பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரில், தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனையை நட்டது அங்கேதான். அவரே பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். பெயரில் தென்னையைத் தாங்கிய தோட்டத்திலிருந்து செம்பனை நாடெங்கும் பரவியது. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது விடியற்காலை வெட்டு குறைந்தது. வேலையாட்களின் தேவையும் குறைந்தது. லயங்கள் வெறுமையாயின. பள்ளிகளும் சிறுத்தன. இதன் பயனைப் பின்னே காண்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கல்வியைப் பொருட்படுத்தவில்லை என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொய். 1941-இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரலாற்றில் புகழ் பெற்றது. அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், மருத்துவ வசதி, துரைக்கு எதிரே மிதிவண்டியில் போகும் உரிமை ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் தந்தவர்களும் உண்டு. நம் வகுப்பறையில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கேட்டு நின்ற மணி நேரம் என்பதை ஆசிரியர் மறக்கலாகாது.

பிரம்பின் காலம்

கவனத்தைப் பெறும் வழி தெரியாத இடத்தில் பிரம்பு வந்து நின்றது. அடியாத மாடு படியாது என்பது பழமொழி. எங்கள் பெற்றோரும், "கண்ணையும் காதையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள் வாத்தியாரே" என்று சொல்லியே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடுத்தன. ஆயினும் நிற்க வைப்பதும், வெளியே அனுப்புவதும், சொல்லால் சுடுவதும் எந்த விதிக்குள்ளும் அடங்காமல் தொடர்ந்தன.

இதில் நானும் குற்றவாளியே. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் ஒரு பால்மரத் தோட்டத்துப் பள்ளியில் பணியாற்றினேன். மூன்றாம் ஆண்டில் ஒரு சிறுமி இருந்தாள். நான் கரும்பலகையில் எதை எழுதினாலும் அவள் சன்னல் பக்கமே பார்த்திருப்பாள். பெயர் சொல்லி அழைப்பேன், திடுக்கிட்டுத் திரும்புவாள், சிறிது நேரத்தில் மீண்டும் சன்னல். ஒரு நாள் பொறுமையிழந்து அவளை நிற்க வைத்தேன். "உனக்குப் படிப்பு எதற்கு? வெளியே நடப்பதையே பார்த்துக்கொண்டிரு" என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் அழவில்லை. நின்றபடியே மறுபடியும் சன்னலைப் பார்த்தாள்.

அன்று மதியம் பள்ளியில் வேலை செய்த அம்மாள் என்னிடம் வந்து, "சார், எதிரே ஆயாக் கொட்டகையில் அதன் தம்பி இருக்கிறான். பிறந்து ஏழு மாதம். காய்ச்சல். அம்மா வெட்டுக்குப் போயிருக்கிறாள். அழுகிற சத்தம் கேட்டால் ஓடுவதற்காகத்தான் அது காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது" என்றார்.

அந்தச் சிறுமி கவனமற்றவள் அல்லள். அந்த வகுப்பில் அவளைவிடக் கவனமாக இருந்தவர் எவருமில்லை. அக்கவனம் என்னிடம் இல்லை என்பதே என் கோபத்துக்குக் காரணம். மறுநாள் அவளை ஆயாக் கொட்டகை நன்றாகத் தெரியும்படி சன்னலோரம் அமர்த்தினேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரை அவளிடம் விட்டு எழுத்துச் சொல்லித் தரச் சொன்னேன். தேடித் திரும்பிக்கொண்டிருந்த கண் தானாகவே அமைதி பெற்றது. சொல்லிக் கொடுக்கும்போது அவள் தன் பாடத்தையும் பிடித்துக்கொண்டாள். நான் செய்தது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. எழும்பூரில் பெல் செய்ததும், திண்ணையில் நம் முன்னோர் செய்ததும் அதுவே என்று பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவளிடம் அன்று சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெற இயலவில்லை.

ஆராய்ச்சியாளர் கண்டது

மேல்நாட்டு ஆராய்ச்சியும் வேறு வழியில் சென்று இதே இடத்துக்கு வந்திருக்கிறது. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரைகள் 1899-இல் நூலாக வந்தன. மனத்தை வலிந்து ஒன்றில் நிறுத்தும் முயற்சி ஒருமுறைக்குச் சில நொடிகளுக்கு மேல் நீடிக்காது என்று அவர் விளக்கினார். ஓடிய மனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து வரலாம். ஆனால் பொருளே புதுமை காட்டி ஈர்த்தால்தான் அது நிலைத்து நிற்கும். ஆகவே 'கவனி, கவனி' என்று கத்துவதால் கிடைப்பது சில நொடிக் கவனமே.

ஜேக்கப் கூனின் என்ற பேராசிரியரின் கதை இன்னும் சுவையானது. அவர் வகுப்பில் ஒரு மாணவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எவ்வாறு கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று அறிய அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1970-இல் முடிவுகளை நூலாக்கினார். அவர் எதிர்பாராத முடிவு அது. நன்றாக வகுப்பு நடத்துபவரும் நடத்தத் தெரியாதவரும் கண்டிக்கும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை. கண்டிக்கும் நிலை வருவதற்கு முன்பே நல்லாசிரியர் செய்தவற்றில்தான் வேறுபாடு இருந்தது. அவருக்கு முதுகிலும் கண் இருப்பதாக மாணவர் நம்பினார்கள். ஒரே வேளையில் இரண்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். ஒரு பாடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் சென்றார். அடுத்து யாரைக் கேட்பார் என்று தெரியாதபடி எல்லாரையும் விழிப்போடு வைத்திருந்தார்.

மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் மற்றொன்றைக் கண்டார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினால் விடைகள் நீளுகின்றன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். கேள்வியை முதலில் வகுப்பு முழுமைக்கும் கேட்டு, மூன்று எண்ணும் வரை பொறுத்து, பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் அந்த நொடியே ஓய்வெடுத்துக்கொள்வார்கள். இது செலவில்லாத மருந்து.

தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 முதல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, படிப்படியான அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் படித்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். பெல் மணலைப் பரப்பிய அதே நகரில், இரு நூற்றாண்டுகளுக்குப் பின், பிள்ளையின் கைக்கு வேலையும் பக்கத்துப் பிள்ளைக்குப் பொறுப்பும் திரும்பி வந்தன.

இன்றைய சிறு பள்ளிகள்

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது இங்கே 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 இருக்கின்றன. அவற்றுள் பல, 150 பேருக்கு மேற்படாத மாணவரைக் கொண்டவை. எங்கள் வட்டாரத்தில் செம்பனைக் காட்டுக்கு நடுவே நிற்கும் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முப்பது பேருக்கும் குறைவான பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் சேர்த்துக் கற்பிக்க நேர்கிறது. சுற்றிச் சுற்றி நாம் மறுபடியும் திண்ணைக்கே வந்திருக்கிறோம்.

பெரிய பள்ளிக்கென்று பயிற்சி பெற்ற இளம் ஆசிரியர் இதைக் கண்டு மனம் தளர்கிறார். அவர் தளர வேண்டியதில்லை. முன்னிருந்த வாத்தியாருக்கு இல்லாத மூன்று நன்மைகள் அவருக்கு உண்டு. அவர் பயிற்சி பெற்றவர். அவருடைய மாணவர் சிலரே. விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் இன்று குறைவு. அவர் செய்ய வேண்டுவன சிலவே. ஒரு பிரிவுக்குப் பேசத் தொடங்குமுன் மற்றப் பிரிவின் கைக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். அவ்வேலையின் முடிவை நாள்தோறும் பார்க்கவும் வேண்டும், பாராத வேலை நாளடைவில் பொய்யாகிவிடும். மூத்த பிள்ளைக்கு இளைய பிள்ளையை ஒப்படைக்கலாம். ஆனால் அதனை ஏவலாளாக்கிவிடக் கூடாது, அதன் சொந்தப் பாடம் பின்தங்கக் கூடாது. சட்டாம்பிள்ளை வேலை ஒருவனுக்கே உரிமையாகாமல் எல்லாருக்கும் முறை வர வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்கும் அவனைவிட இளையவன் ஒருவன் பள்ளியில் இருக்கத்தான் செய்வான். தான் சொல்லிக் கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு என்று அறிந்த நாளில் அவன் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் எங்கள் தோட்டங்களில் உண்டு. அப்பாவின் கைப்பேசி மாலையில் அவர் வேலை முடிந்து வந்த பின்தான் கிடைக்கும். நாங்கள் அனுப்பிய காணொளிகளைப் பிள்ளைகள் பாதியில் விட்டார்கள். ஆனால் அக்காள் தம்பிக்கு வாசித்துக் காட்டிக் குரலைப் பதிவு செய்து அனுப்பும்படி சொன்ன வேலையை ஆவலோடு செய்தார்கள். கருவி புதியது, கற்ற பாடம் பழையது.

வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். கவனம் என்பது மாணவனிடம் அதட்டி வாங்கும் கடனன்று. அவன் கைக்கு வேலையும், அவன் வாய்க்குச் சொல்லும், அவனை நம்பி ஒரு பொறுப்பும் கொடுத்தால் தானே வந்து சேரும் பொருள் அது. அவ்வளவும் கொடுத்த பின்னும் ஒரு பிள்ளை சன்னலைப் பார்த்தால், ஆசிரியர் அதட்டுவதற்கு முன் தாமும் அந்தச் சன்னலருகே சென்று, வெளியே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.